மாதாவுக்குக் கொடுத்த இடுப்பு

என் இடுப்பு கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது, நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன், நடுவில் ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சாவி தேடிப் போன மாதா கோயில் உபதேசியார் இன்னும் வந்தபாடில்லை. பூசைக்கு மணி அடிப்பதில் அரை நிமிஷம் பிந்தாத மனுஷன், சாவி என்று வந்துவிட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பார். தேடட்டும், எனக்கென்ன அவசரம், பெஞ்சு சில்லென்று இருக்கிறது, ஜன்னல் வழியாகக் கடல்காற்று வருகிறது, அதோடு கருவாட்டு வாசமும் ஒட்டிக்கொண்டு வருகிறது, மெழுகுவர்த்திப் புகையோடு சேர்ந்து அது ஒருமாதிரி நன்றாகத்தான் இருக்கிறது, கம்பெனி சார்பில் வந்த வக்கீல் பெண்ணுக்கு மட்டும் பிடிக்கவில்லை, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே காணோம். என் இடுப்பு என்றால் நான் பிறக்கும்போது கொண்டுவந்தது இல்லை. அது தேய்ந்துபோனபின் டாக்டர் உள்ளே வைத்த சாமான், ஒரு கிண்ணம், அதற்குள் உருள ஒரு குண்டு. அதுவும் கெட்டுப்போய் மதுரையில் இன்னொரு டாக்டர் வெளியே எடுத்தார், இப்போது எனக்குள் மூன்றாவது இடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் இடுப்பு கடவுள் கொடுத்தது, அதைப் பள்ளிக்கூட மைதானத்தில் காலமெல்லாம் ஓடவிட்டேன், குறை சொல்ல முடியாது. மூன்றாவது சாதுவான இடுப்பு, சொன்ன பேச்சு கேட்கிறது. நடுவில் வந்ததுதான் வம்புக்காரி, அதுதான் அங்கே வெள்ளிக் காலுக்கும் வெள்ளிப் படகுக்கும் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உடம்பு சொஸ்தமானவர்கள் மாதாவுக்குக் கொடுத்த காணிக்கையெல்லாம் அந்த அலமாரியில்தான். கண் நோவு தீர்ந்தவர் வைத்த வெள்ளிக் கண், புயலில் தப்பி வந்தவர் வைத்த படகு, யாரோ வைத்த பழைய மூக்குக் கண்ணாடி, பிள்ளை பிறந்தவர்கள் வைத்த தொட்டில்கள். அவற்றின் நடுவே என் கணவர் கைப்பட எழுதின அட்டை, அடைந்த உபகாரத்துக்கு நன்றி, எமல்டா டீச்சர் இடுப்பு. டீச்சர் என்று வேறு போட்டிருக்கிறார், இல்லாவிட்டால் வேறு எமல்டாவின் இடுப்பு என்று மாதா குழம்பிவிடுவாளாம்.

அவர் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிறார். பெர்க்மான்ஸ், என் கணவர், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஜெபமாலையை உருட்டுகிறார், ஆனால் உதடு அசையவில்லை, எனக்குத் தெரியும், ஒளிந்துகொண்டிருக்கிறார். இந்தக் கூத்துக்கெல்லாம் அவர்தானே காரணம். மதுரையில் ஆப்பரேஷன் முடிந்து அந்த டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இந்தச் சாமானைப் போட்டு அவர் கையில் கொடுத்து, இதைப் பத்திரமாக வையுங்கள், தேவைப்படும் என்றாராம். இவர் என்ன செய்வார். எனக்கு நடை வந்தால் மாதாவுக்கு ஒரு கால் வைக்கிறேன் என்று ஏற்கெனவே நேர்ச்சை போட்டு வைத்திருந்தவர், வெள்ளிக் கால் எதற்கு, நிஜச் சாமானே கையில் இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து நான் கட்டிலில் கிடக்கும்போது கொல்லையில் உட்கார்ந்து, மாதாவுக்கு வைப்பதை அழுக்காகவா வைப்பது என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, அட்டை எழுதி, கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டார். எனக்குத் தெரியாது. என் வக்கீல் உச்சிமாகாளி, அதைச் செய்த கம்பெனி மேல் கேஸ் போட வந்து, "டீச்சர், அந்தச் சாமான் எங்க இருக்கு, அதான் நம்ம கேஸே" என்று கேட்டபோதுதான் நானும் கேட்டேன். "என்னங்க, அத எங்க வச்சிய?" "மாதாட்ட வச்சிருக்கேன்." "எதுக்கு?" "டாக்டர்தான பத்திரமா வைக்கச் சொன்னாவ. மாதா பொட்டிய விடப் பத்திரம் எது? பூட்டு இருக்கு, கண்ணாடி இருக்கு, தினமும் பூசை நடக்கு." நான் சிரிக்கவா அழவா என்று பார்த்தேன், உச்சிமாகாளி சிரித்துவிட்டார், பிறகு நானும் சிரித்தேன், தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன், பெர்க்மான்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, நான் செய்ததில் என்ன தப்பு என்று நின்றார். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம், சங்குத்துறையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆயர் ஆண்டகை வரைக்கும் போய்க் கேட்டாயிற்று. கோயிலுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கோர்ட்டு இன்று கோயிலுக்கு வந்திருக்கிறது. உச்சிமாகாளி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். நல்ல பிள்ளை. நுகர்வோர் ஆணையம் அனுப்பின பேராசிரியர் காஜா மைதீன், பொறியியல் கல்லூரியில் உலோகம் பற்றிப் பாடம் எடுக்கிறவர், சின்னப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்பெனி வக்கீல் நிவேதிதா, சென்னையிலிருந்து ரயிலில் வந்தவள், கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்து நிற்கிறாள். உட்காரம்மா என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் எதிர்க்கட்சி, சொல்லலாமா கூடாதா தெரியவில்லை.

அவள் பார்ப்பதற்கு என்னிடம் எறிபந்து ஆடின பிள்ளை ஒன்று மாதிரி இருக்கிறாள், பெயர் வாயில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. அந்த இரண்டாவது இடுப்பு உள்ளே இருந்தபோது இப்படித்தான் எல்லாப் பெயரும் போயிற்று. மைதானத்தில் நின்று விசிலை ஊதிவிட்டு யாரைக் கூப்பிட நினைத்தேன் என்று தெரியாமல் நிற்பேன், ஏய் சிவப்பு ரிப்பன் என்று கூப்பிடுவேன், பத்துப் பிள்ளைகள் திரும்பும். வாயில் எந்நேரமும் பழைய பித்தளைக் கரண்டியைச் சப்பின ருசி. காதுக்குள் வண்டு. தொடை இடுக்கில் ஒரு வலி, வலி என்றால் குத்துவதும் இல்லை, கடுப்பதும் இல்லை, உள்ளே யாரோ உட்கார்ந்து மெதுவாக அரம் போடுகிற மாதிரி. அப்புறம் அந்தச் சத்தம். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது மானம் போயிற்று. பூசையில் எழுந்தேற்ற நேரம், ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு முழங்காலில் நிற்கும், குருவானவர் நற்கருணையை உயர்த்துவார், நான் முட்டு நோகிறதே என்று கொஞ்சம் அசைவேன், கீச். பழைய கதவு மாதிரி. முன் வரிசைப் பொடியன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உபதேசியார் பெஞ்சுக்குத்தான் கோளாறு என்று நினைத்து நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சின் ஆணியெல்லாம் அடித்து இறுக்கி வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கீச். பாவம், அந்தப் பெஞ்சையே மாற்றிவிட்டார். முதலில் ஆப்பரேஷன் செய்த டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்தார், நன்றாகத்தானே இருக்கிறது என்றார், பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார், "என்ன செஞ்சிய?" அதுதான் தொடக்கம். அந்தக் கேள்வியை அப்புறம் யார் கேட்கவில்லை. என் தங்கை கேட்டாள், தலைமையாசிரியை மதர் கேட்டார், ஆட்டோக்காரர் கேட்டார், மீன் கொண்டுவருகிற அம்மா கூடையை இறக்காமலே கேட்டார், என்ன செஞ்சிய டீச்சர், எங்கயும் விழுந்தியளா, கனத்தது எதையும் தூக்குனியளா. நானும் யோசித்து யோசித்துப் பார்ப்பேன். குளிக்கிற இடத்தில் சோப்பு விழுந்ததே, குனிந்து எடுத்தேனே, அதுவா. பேருந்தில் வலது காலை வைத்து ஏறுவதற்குப் பதில் இடது காலை வைத்து ஏறினேனே, அதுவா. விளையாட்டு விழாவில் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேனே, கொடி என்ன கனமா. ராத்திரி திரும்பிப் படுத்தேனே. சாப்பாடு கூடிப்போயிற்றோ, உடம்பு பெருத்துப்போயிற்றோ. சோப்புதான், சோப்பாகத்தான் இருக்கும், இல்லை, சோப்பு விழுவதற்கு முன்னாலேயே வலி இருந்ததே. சரி, அப்படியானால் பேருந்து. இப்படி ஒன்றைப் பிடித்து விட்டால் இன்னொன்று வரும். டாக்டர் கடைசியில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார், மனசு காரணமாக இருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து பெர்க்மான்ஸிடம் சொன்னேன், அவரும் என்னைப் பார்த்து, "எனக்கும் அப்படித்தான் தோணுது எமல்டா, எல்லாம் உன் நினைப்புதான்" என்றார். அதுதான் கீச் என்ற சத்தத்தைவிடக் காதில் நின்றது. கோபம் இல்லை இப்போது, கோபம் இருந்தது, நிறைய இருந்தது, குழம்பில் உப்புப் போடாமல் வைத்துக் காட்டினேன், அந்த மனுஷன் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார், அதில் என் கோபம் பாதி போயிற்று, மீதி அப்புறம் போயிற்று. மதுரையில் உள்ளே திறந்து பார்த்தபோது சதையெல்லாம் பேனா மை கொட்டின மாதிரி கறுப்பாக இருந்ததாம், கிண்ணமும் குண்டும் ஒன்றோடொன்று உரசி உரசி உலோகத்தூள் ரத்தத்தில் கலந்திருந்ததாம். அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டு வெளியே வராந்தாவில் இவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம், தங்கைதான் சொன்னாள். நேர்ச்சை போட்டது அங்கேதான்.

உபதேசியார் வந்துவிட்டார், கையில் ஒரு கொத்துச் சாவி, எந்தச் சாவி என்று அவருக்கும் தெரியாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். என் நெஞ்சு இப்போதுதான் அடிக்க ஆரம்பிக்கிறது. ஏன் அடிக்கிறது, அடி, அடி, நீயும் ஆட்டத்தில் சேர்ந்துகொள். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நம்பர் பொறித்திருக்குமாம், எந்தத் தடவை வார்த்ததோ அந்தத் தடவையின் நம்பர். அந்த வரிசைச் சாமான்கள் சரியில்லை என்று வெளிதேசங்களில் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டதாம், நம் ஊரில் மட்டும் யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டதாம், உச்சிமாகாளி கண்டுபிடித்தார். முதல் ஆஸ்பத்திரியில் என் நம்பரைக் கேட்டால் மழைத் தண்ணீரில் எல்லாம் நனைந்துபோயிற்று என்கிறார்கள். ஆகவே இனி அந்த விளிம்புதான் சாட்சி. அதில் நம்பர் இருக்க வேண்டும், புளியிலும் நாரிலும் அழிந்திருக்கக் கூடாது. அழிந்திருந்தால் முடிந்தது. கம்பெனி ஆணையத்தில் என்ன சொல்லியிருக்கிறது, மனுதாரர் விளையாட்டு ஆசிரியை, உடல் பருமன் உள்ளவர், விதிமுறைப்படி நடக்காததால் இணைப்பு தேய்ந்தது, மேலும் அதை அவர் குடும்பத்தார் தேய்த்து மாற்றியிருக்கிறார்கள். உடல் பருமன் உள்ளவராம். எழுதினவனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அவனை மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சமாதானமாகப் போகலாம் என்றும் சொன்னார்கள், ஒரு தொகை தருகிறோம், சாமானைக் கொடுத்துவிடுங்கள், இதைப் பற்றி எங்கேயும் பேசக் கூடாது, தப்பு எங்களுடையது என்று எழுத மாட்டோம். பெர்க்மான்ஸ் வாங்கிக்கொள்ளலாமே என்றார். நான் மாட்டேன் என்றேன். தொகை யாருக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, வந்தால் வாங்கிக்கொள்வேன், வீட்டுக்கு மேல்தளம் ஒழுகுகிறது. ஆனால் எனக்கு வேண்டியது வேறு. இத்தனை பேர் என்ன செஞ்சிய என்று கேட்டார்களே, அதற்கு ஒரு பதில், யாராவது கையெழுத்துப் போட்ட பதில், இவள் ஒன்றும் செய்யவில்லை என்று. நம்பர் அழிந்திருந்தால் அந்தப் பதில் வராது. வராவிட்டால் கேஸ் தள்ளுபடி, தள்ளுபடி என்றால் நான்தான் செய்தேன் என்று அர்த்தம், சோப்பு, பேருந்து, கொடி, திரும்பிப் படுத்தது, எல்லாம் மறுபடி வரிசையாக வந்து நிற்கும், சாகும்வரை நிற்கும். ஏன் இப்போது சோப்பு வாசம் அடிக்கிறது. உபதேசியார்தான், துணிக்கு இன்றைக்குச் சவுக்காரம் போட்டிருக்கிறார்.

பூட்டு திறந்தது. கதவைத் திறக்க விடாமல் ஒரு அம்மா குறுக்கே வந்து முழங்காலிட்டுவிட்டாள். என் இடுப்புக்கு நேர் எதிரே. கண்ணாடியைத் தொட்டுத் தன் இடுப்பில் தடவிக்கொள்கிறாள். ஒருத்திக்கு நடை வந்த இடுப்பு என்று ஊரில் பேச்சு பரவி, இப்போது முட்டு வலி, முதுகு வலி உள்ளவர்களெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட வருகிறார்கள், நான் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது, அது கெட்ட இடுப்பு, அதைக் கும்பிட்டால் இருக்கிற இடுப்பும் போகும். "அம்மா, கொஞ்சம் நவுருங்க, கோர்ட்டுக்காரவுக வந்திருக்காவ" என்கிறார் உபதேசியார். அந்த அம்மா எழுந்து கோர்ட்டுக்காரர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறாள். நிவேதிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டாள், நான் பார்த்துவிட்டேன். சிரிக்கத் தெரிந்த பிள்ளைதான். காஜா மைதீன் வெள்ளைத் துணி விரித்து, கையுறை மாட்டி, கிண்ணத்தையும் குண்டையும் எடுத்து வைக்கிறார். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அது மின்னுகிறது. என்னமாய்த் தேய்த்திருக்கிறார் இந்த மனுஷன், என் வீட்டுப் பாத்திரம் ஒன்றைக்கூட இப்படித் தேய்த்ததில்லை. நிவேதிதா உடனே, "சார், இது பாலிஷ் பண்ணிருக்குன்னு நோட் பண்ணிக்கங்க. மேற்பரப்பை மாத்தியிருக்காங்க" என்கிறாள். பெர்க்மான்ஸ் எழுந்தே விட்டார். ஜெபமாலை பெஞ்சில் கிடக்கிறது. தள்ளாடி வந்து அவர்கள் முன்னால் நின்று, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி, "நான்தான்யா தேச்சேன், இவளுக்கு ஒண்ணும் தெரியாது. புளியும் சாம்பலும். தப்புன்னா என்னைய எழுதுங்க, அவ பேர எழுதாதிய" என்கிறார். அவ பேரை எழுதாதீர்கள் என்கிறார். இந்த மனுஷனுக்கு நான் உப்பில்லாக் குழம்பு வைத்தேன். காஜா மைதீன் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சிரிக்கிறார். "புளியா? சார், நீங்க ஆயுசு பூரா உக்காந்து தேச்சாலும் இது தேயாது. அழுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். இதத் தேய்க்கணும்னா இதே மாதிரி இன்னொரு உலோகம்தான் வேணும்." பெர்க்மான்ஸ் அப்படியே நிற்கிறார், புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. புளியும் நாரும் போட்டுத் தேய்த்தும் தேயாதது நான் அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடந்ததிலா தேய்ந்தது. வாய் திறந்து சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, விசில் இருந்தால் ஊதியிருப்பேன். பேசாதே எமல்டா, அவர் பார்க்கட்டும், பார்த்து முடிக்கட்டும்.

பார்க்கிறார். திருப்புகிறார். பார்க்கிறார். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார், எறிபந்தில் கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று நான் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன், இவருக்கு என்ன. நம்பர் இல்லையோ. இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே. சோப்பு அன்றைக்குக் குளியலறையில் கதவுக்குப் பக்கத்தில் விழுந்தது, நான் குனியவே இல்லை, காலால் தள்ளிக்கொண்டு வந்து எடுத்தேன், ஆமாம், இப்போதுதான் ஞாபகம் வருகிறது, குனியவே இல்லை. அப்படியானால் சோப்பு இல்லை. இவ்வளவு வருஷம் கழித்துச் சோப்புக்கு விடுதலை. உச்சிமாகாளி நகத்தைக் கடிக்கிறார், அவருக்கு அது நல்ல பழக்கம் இல்லை, அவர் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வெளியே ஐஸ் வண்டி மணி. அப்போது காஜா மைதீன் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார், மெதுவாக, கடைசி எழுத்தை இரண்டு முறை. நிவேதிதா தன் பையிலிருந்து கம்பெனி திரும்ப வாங்கின நம்பர்கள் இருக்கிற தாளை எடுத்து விரலை வைத்துக்கொண்டு கீழே போகிறாள், கீழே போகிறாள், விரல் நிற்கிறது. அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடலாம், அந்தத் தாளை யார் பார்க்கப்போகிறார்கள், ஒரு நிமிஷம் அவள் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். "இருக்கு சார். இந்த வரிசைதான்" என்றாள். உச்சிமாகாளி சத்தம் போடாமல் காற்றில் கையைக் குத்திக்கொண்டார், பிறகு கோயில் என்று ஞாபகம் வந்து அதே கையால் கும்பிட்டார். காஜா மைதீன் இன்னும் முடிக்கவில்லை. கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துச் சொல்கிறார். "இங்க பாருங்க, இந்த ஒரு ஓரம் மட்டும்தான் தேஞ்சிருக்கு. கிண்ணத்துக்கு ஆழம் பத்தல. குண்டு நடுவுல உக்காராம விளிம்புல ஏறி ஏறி உரசியிருக்கு. செஞ்ச விதமே அப்படி. யாரு நடந்தாலும் இது உரசத்தான் செய்யும்." நான் எழுந்துவிட்டேன், கைத்தடியைக்கூட எடுக்கவில்லை. "சார், கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் யார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போல் இருந்தது. "யாரு நடந்தாலும் உரசத்தான்மா செய்யும். ஒல்லியா இருந்தாலும், குண்டா இருந்தாலும், ஓடுனாலும், ஓடாட்டியும்." "அத எழுதுவியளா?" "எழுதித்தான் ஆகணும்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். பெர்க்மான்ஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என் சேலைத் தலைப்பை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், என் கண்ணை நான்தான் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். உபதேசியார் மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவி எது என்று மறக்காமல் இருக்க அதில் சிவப்பு நூல் கட்டுகிறார். உச்சிமாகாளிக்குப் பசி, சங்குத்துறைக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போவதா என்று காஜா மைதீனைக் கேட்கிறார், இரண்டு பேரும் செருப்பைத் தேடி வாசலுக்குப் போகிறார்கள், பெர்க்மான்ஸ் வழி காட்டுகிறேன் என்று பின்னாலேயே போகிறார், வழி எங்கே இருக்கிறது, கோயில் வாசலிலேயே ஹோட்டல், சும்மா சந்தோஷத்தில் போகிறார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆணையம் இனி என்ன சொல்லுமோ, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, கம்பெனி மேலே போகும், இழுக்கும், இழுக்கட்டும், நான் மைதானத்தில் வெயிலில் நின்று பழகினவள். உடம்பு லேசாக இருக்கிறது. பசிக்கிறது, எனக்கும் பசிக்கிறது, சாளைமீன் குழம்பு, உப்புப் போட்டு. பின்னால் காலடிச் சத்தம். நிவேதிதா. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருக்கிறாள், பை தோளில், ரயிலுக்கு நேரமாகிற மாதிரி நிற்கிறாள், ஆனால் போகவில்லை. கேஸ் விஷயம் பேச வந்திருப்பாள், சமாதானம் மறுபடி, நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன். "ஆன்ட்டி, நான் உங்ககிட்ட இதைக் கேக்கக் கூடாது" என்றாள். "கேக்கக் கூடாதுன்னா கேக்காதம்மா." அவள் கேட்டாள். "மொதல்ல வலி எங்க ஆரம்பிச்சுது?" நான் அவளையே பார்த்தேன். என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்கிறாள், இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் அப்படிக் கேட்டதில்லை. "எதுக்கும்மா?" என்றேன். அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், "எங்கம்மாவுக்கும் இதான் வச்சிருக்கு. போன வாரம்தான் இந்த ஃபைல் என் கைக்கு வந்துச்சு, அதுல இந்தச் சாமான் பேரைப் பாத்தேன். அவங்க ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்காங்க ஆன்ட்டி, டாக்டர் ஒண்ணும் இல்லங்கிறார். காலையில மாடிப்படி ஏறினேன், அதான் போல, இனிமே ஏறலன்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காங்க." உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்க மாட்டாள், ரயிலில் இருந்து நேரே வந்திருக்கிறாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். அவள் உட்கார்ந்தாள். தொடை இடுக்கில் எங்கே என்று கையை வைத்துக் காட்டினேன், ருசியைச் சொன்னேன், காதில் கேட்டதைச் சொன்னேன், எந்த ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும் என்று சொன்னேன், மதுரை டாக்டர் பெயரைச் சொன்னேன், அவள் போனில் குறித்துக்கொண்டாள். "அதெல்லாம் அப்புறம். மொதல்ல இப்பவே ஒரு போன் போடு" என்றேன். "யாருக்கு?" "உங்கம்மாவுக்குத்தான். நீங்க ஒண்ணும் செய்யலம்மான்னு சொல்லு." அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள், மணி போகிற சத்தம் எனக்கும் கேட்டது, அங்கே எடுத்ததும் அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.